பம்ப் பாவம், ஒயரைப் பாருங்க!

கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பெயர் வேண்டாமென்று பாதிப்பேர் கேட்டுக்கொண்டார்கள். மீதிப்பேர் ஓட்டும் வண்டி அப்பாவின் பெயரில் இருக்கிறது.

கே: ஏனுங்க, நம்முளது 2004 மாடல் மாருதி 800. காலையில ஒரே செல்ஃபுல கெளம்புது. ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு மேடு ஏறுனா மட்டும் முக்குது. மெக்கானிக் பெட்ரோல் பம்ப் போச்சுங்கறார். ஒயரைப் புதுசா இழுத்தாப் போதும்ங்கறான் பங்காளி. யார் பேச்சைக் கேக்கறதுங்க?
– பொள்ளாச்சி

ப: ரெண்டு பேரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு மல்டிமீட்டரைக் கேளுங்கள். அது யாருக்கும் பங்காளி இல்லை.

இன்ஜின் ஓடட்டும், ஏசியும் விளக்கும் போட்டபடியே இருக்கட்டும். முதலில் பேட்டரி முனையில் அளவெடுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து, பம்புக்குப் போகும் கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் முள்ளைச் செருகி, பம்ப் ஓடும்போதே அளவெடுங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் பயனில்லை. கரண்ட் ஓடாத ஒயரில் வோல்டேஜ் குறையாது, எல்லா ஒயரும் உத்தமனாகத்தான் தெரியும். ரெண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் என்றால் ஒயர் மேல் பழி போடாதீர்கள். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பங்காளி ஜெயித்தார்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 6 ஆம்பியர் இழுக்கிற பம்ப், போக 5 மீட்டர், வர 5 மீட்டர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயராக இருந்தால் அந்தப் பத்து மீட்டரில் ஒன்றரை வோல்ட் காணாமல் போய்விடும். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். பச்சை பிடித்த கப்ளர், கருகிய ரிலே முனை, தேய்ந்த சாவிச் சுவிட்ச் எல்லாம் இதில் சேராத தனிச் செலவு. 12 வோல்ட்டில் ஓட வேண்டிய மோட்டாருக்குப் பத்தரை வந்தால் அது மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் குறையும், மேட்டில் வண்டி முக்கும்.

ஒயரை வாங்க ஓடுவதற்கு முன் எர்த்தையும் பாருங்கள். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி நெகடிவில் வையுங்கள், இன்னொன்றைப் பம்பின் எர்த் ஒயரில் வையுங்கள். பம்ப் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாடியில் எர்த் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாள் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவினால் செலவு ஒரு டீக்காசுக்குள் முடியும். புதுப் பம்ப் வாங்கிப் போட்டும் நோய் தீராத வண்டிகளில் பாதிக்கு இந்தப் போல்ட்டுதான் வில்லன் என்பது என் கட்சி.

கே: கரண்ட்டுல ஓடற மோட்டாரைப் பெட்ரோலுக்குள்ளயே முக்கி வெச்சிருக்கறாங்களே, தீப்பிடிக்காதுங்களா?
– சூலூர்

ப: பிடிக்காது. எரிய வேண்டுமானால் காற்று வேண்டும், அதுவும் அளவாக வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் பற்றாது, 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் பற்றாது. மூடிய டேங்குக்குள் ஆவி அந்த மேல்வரம்பைத் தாண்டி மண்டிக் கிடக்கிறது. பம்பின் கார்பன் பிரஷ் உள்ளே பொறி விட்டாலும் ஒன்றும் நடப்பதில்லை.

மூடியைத் திறந்தீர்களானால் கதை மாறும். வெளியே வரும் ஆவி காற்றோடு கலந்து, பற்றும் அளவுக்கு நீர்த்துவிடுகிறது. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே பறந்து போகாமல் தரையோடு ஊர்ந்து, பள்ளம் பார்த்துத் தேங்கும். மைனஸ் 43 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுகிற சரக்கு அது. கோயமுத்தூர் மார்கழிக் குளிரையெல்லாம் மதிக்காது. போர்டிகோவில் காரை நிறுத்தி, பக்கத்துச் சமையலறையில் அடுப்பு எரிய, அம்மா விளக்கேற்றும் நேரத்தில் டேங்கைத் திறக்கும் வீரர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

அதனால் என் எல்லைக்கோடு இது: டேங்குக்கு வெளியே இருக்கும் ஒயர், ரிலே, ஃபியூஸ், எர்த் வரை வீட்டில் செய்யலாம். டேங்கின் மூடியையோ பெட்ரோல் ஹோஸையோ கழற்றும் வேலை வந்துவிட்டால் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

கே: மோட்டார் ஊர்ல பொறந்துட்டு, ஒரு பம்புக்கு ஒயர் இழுக்கறதுக்கு யோசனை கேக்கறது கேவலமில்லீங்களா?
– கணபதி

ப: இல்லவே இல்லை. கேட்காமல் இழுப்பதுதான் நமக்கு ஆபத்து. ஏனென்றால் நமக்குக் கிணற்று மோட்டார் அத்துப்படி, அந்தத் தைரியத்தோடு காருக்கு அடியில் படுக்கிறோம்.

கழற்றிப் பார்க்கும் ஆசை நம்மூர் மண்ணில் உள்ளதுதான். கலங்கல் கிராமத்துப் பையன் ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையவில்லை, பிரித்துப் போட்டுத் திரும்பக் கோத்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1930-களில் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியதும் பஞ்சாலையும் பம்ப்செட்டும் பெருகின. 1937-ல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரை இங்கே செய்தார்கள். அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனால் அந்தப் பரம்பரையின் மிச்சத்தைப் பார்க்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். காரின் ஃப்யூல் பம்பும் போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிளும் ஒரே சாதி. எதை இறைக்கிறதோ அதிலேயே முங்கிக் கிடந்து, அதையே குடித்துச் சூடு தணித்துக்கொள்கிறது. தண்ணி இல்லாத போரில் மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுகிறவர் காரில் அதே காரியத்தைத்தான் செய்கிறார். கால் டேங்காவது எப்போதும் இருக்கட்டும்.

ஆனால் ஒரு இடத்தில் உறவு முறிகிறது. தோட்டத்தில் வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து, சூடேறி, காயில் கருகும். அதனால் நமக்கு ஒரு பழக்கம்: மோட்டார் கருகாதவரை வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது. கார் பம்ப் டிசி மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கருகல் வாடை வராது, எந்தப் புகாரும் வராது. மேடு வரும்போதுதான் தெரியும்.

கே: உக்கடத்துல ஒரு ரிலே வாங்கினேன். அடியில 30, 85, 86, 87-னு போட்டிருக்கு. லாட்டரி நம்பர் மாதிரி இருக்குது. எது எங்க போகோணும்?
– கோவைப்புதூர்

ப: ஜெர்மானியர்கள் போட்ட நம்பர். டின் 72552 என்கிற தரநிலை அது. ஒருமுறை மனசில் பதிந்துவிட்டால் இந்த நம்பர் போட்ட எந்த ரிலேக்கும் உதவும்.

30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து வரும் தடித்த ஒயர். 87: பம்புக்குப் போகும் தடித்த ஒயர். 85, 86: ரிலேயை இழுக்கும் காயிலின் ரெண்டு முனை. காயில் குடிக்கும் கரண்ட் கால் ஆம்பியர்கூட இருக்காது.

சூட்சுமம் இங்கே இருக்கிறது. பம்புக்கு ஏற்கெனவே கம்பெனி கொடுத்த பழைய ஒயர் இருக்கிறதே, அதை வெட்டி எறியாதீர்கள். அதை 86-ல் கொடுங்கள், 85-ஐ எர்த் செய்யுங்கள். இனி அந்த மெலிந்த ஒயர் பம்பைச் சுமக்க வேண்டாம், ரிலேக்குச் சைகை காட்டினால் போதும். பம்புக்கு வேண்டிய சாப்பாடு பேட்டரியிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் நேராக வரும். எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்கிற தீர்மானம் மட்டும் பழையபடி வண்டியின் மூளையான இசியூவிடமே இருக்கும். இந்த வேலையின் அழகே இதுதான். வண்டியின் மூளையைத் தொடாமல் கைகால்களுக்கு மட்டும் பலம் கொடுக்கிறோம்.

30-க்கு வரும் ஒயரில் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும், அதுவும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ரிலே பக்கத்தில் ஃபியூஸ் போட்டால் நடுவில் இருக்கிற நாலு மீட்டர் ஒயருக்குக் காவல் இல்லை. கம்பெனி பம்புக்கு என்ன ஃபியூஸ் போட்டிருக்கிறதோ அதே அளவு போடுங்கள். பெரும்பாலும் 15 ஆம்பியர் இருக்கும்.

கடைக்காரர் ஐந்து முனை ரிலேயைக் கொடுத்திருந்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். ரிலே தூங்கும்போது 30-ஓடு ஒட்டியிருப்பது அது. தவறிப்போய்ப் பம்பை அதில் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகு பம்ப் ஓடும், சாவி போட்டால் நிற்கும். காலையில் பேட்டரியும் இருக்காது.

இன்னொன்று: சில புது வண்டிகளில் பம்பின் வேகத்தையே ஒரு தனி மாட்யூல் துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் அனுப்பிக் கட்டுப்படுத்துகிறது. அந்த வண்டிகளில் இந்த ரிலே வேலை ஆகாது. ரிலே டகடகவென்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள்.

கே: சாவி போட்டதும் பின்னாடி சீட்டுக்கடியில "உய்ய்ங்"குனு ரெண்டு செகண்டு சத்தம் வந்து நின்னுக்குது. பேயா?
– மேட்டுப்பாளையம்

ப: பேய் ரெண்டு செகண்டில் நிறுத்துமா? அது பம்ப். பைப்பில் மூன்று பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டு, இன்ஜின் சுற்றுகிறதா என்று இசியூ காத்திருக்கிறது. கிராங்க் சென்சாரிலிருந்து செய்தி வந்தால் பம்ப் தொடரும், வராவிட்டால் நிற்கும். அந்தச் சத்தம் கேட்காத காலையில்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

கே: நம்ம எலக்ட்ரீசியன் ரிலே கிலே எல்லாம் வேண்டாம்னு சாவி லைன்லருந்தே பம்புக்கு டைரக்ட் கொடுத்துட்டார். வண்டி அம்பாட்டம் போகுது. தப்புங்களா?
– சிங்காநல்லூர்

ப: அம்பு மாதிரி போவதில் தப்பில்லை. எங்காவது மோதி நின்றால்தான் தப்பு தெரியும். மேலே மேட்டுப்பாளையத்துக்காரருக்குச் சொன்ன காவல் உங்கள் வண்டியில் இப்போது இல்லை. விபத்தில் இன்ஜின் நின்றுபோகும், சாவி 'ஆன்'-லேயே இருக்கும், பெட்ரோல் ஹோஸ் கிழிந்திருக்கும். கம்பெனி ஒயரிங்கில் பம்ப் நின்றிருக்கும். உங்களுடையது சூடான சைலன்சர் மேல் மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். அவரைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள்.

கே: ஃபியூஸ் வாரம் ஒண்ணு போகுது. செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டுட்டா என்ன?
– ஒண்டிப்புதூர்

ப: அதற்கப்புறம் ஃபியூஸ் போகாது. கார் போகும்.

கே: கார் ஒயரை எலி கடிக்காம இருக்க, இன்ஜின்ல பொகையிலைக் கட்டைத் தொங்க விட்டிருக்கறேன். பிரயோசனமுண்டா?
– கோபிசெட்டிபாளையம்

ப: பவானி, கோபி பக்கத்துப் புகையிலை என்றால் வாசனைக்குக் குறைவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்ஜின் சூட்டில் நாலு நாளில் காய்ந்து வெறும் சருகாகிவிடும். அப்புறம் எலிக்கு மெத்தை. எலிக்குப் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்க்காவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. உங்கள் ஒயர் மேல் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. புதிதாக இழுக்கும் ஒயரை நெளிகுழாய் ஸ்லீவுக்குள் விட்டு, பாடி விளிம்புகளைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் போடுங்கள். காருக்குள் முறுக்குத் துகளும் நிலக்கடலைத் தோலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை ஷெட்டிலேயே வாரக்கணக்கில் போட்டு வைக்காமல் எடுத்து ஓட்டுங்கள்.

கே: திருட்டுப் பயத்துக்காக பம்ப் லைன்ல ஒரு ரகசியச் சுவிட்ச் வைக்கலாமுன்னு இருக்கறேன். யோசனை எப்படி?
– வால்பாறை

ப: யோசனை பழசு, பலனும் உண்டு. திருடன் ஸ்டார்ட் செய்வான், பைப்பில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் போவான், நடுரோட்டில் நிற்பான். ஆனால் பெரும்பாலோர் சுவிட்சைப் பம்புக்குப் போகும் தடித்த ஒயரின் குறுக்கே வைக்கிறார்கள். ஆறு ஆம்பியரைச் சுமக்கிற சுவிட்ச் நாளடைவில் உள்ளே கருகி, ஒருநாள் தானாகவே கைவிரிக்கும். உங்களுக்கும் ஆழியாறுக்கும் நடுவில் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதில் ஏதோ ஒன்றில் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் சேர்ந்து ஓய்வெடுத்தால் என்ன செய்வீர்கள்? வைத்தே தீருவேன் என்றால் 85-க்கும் எர்த்துக்கும் நடுவில் வையுங்கள். கால் ஆம்பியர்தான், நல்ல சுவிட்ச் பல வருஷம் தாங்கும். கால் முட்டி படும் இடத்தில் வைக்காதீர்கள். எங்கே வைத்தீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

கே: தாத்தா காலத்து அம்பாசடர். குன்னூர் போறப்ப பர்லியாறு தாண்டுனதும் மூச்சு விட்டுருது. எம்.பி.எஃப்.ஐ. காரோட எலக்ட்ரிக் பம்ப் ஒண்ணு சும்மா கெடக்குது, அதைப் போட்டுடலாமா?
– பீளமேடு

ப: கையெடுத்துக் கும்பிடுகிறேன், போடாதீர்கள்.

முதலில் நோயைச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள ஒரு டயஃப்ரம் பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பைப்பில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். கல்லாறிலிருந்து செகண்ட் கியரில் ஏறி வந்த இன்ஜின் சூடும் சேர்ந்தால் பைப்புக்குள் ஆவிக்குமிழி அடைத்துக்கொள்கிறது. அந்தக் காலத்து டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, ஒரு பீடி பற்ற வைத்துக் காத்திருப்பார்கள். துணி சரியான வைத்தியம். பீடி பற்றி என் அபிப்பிராயத்தைச் சூலூர்க்காரருக்குச் சொன்னதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரிக் பம்பை டேங்குக்குப் பக்கத்தில் வைத்து, பெட்ரோலை முன்னோக்கித் தள்ளினால் இந்த நோய் பெரும்பாலும் தீரும். ஆனால் கார்புரேட்டருக்கு வேண்டியது கால் பாரைத் தாண்டாத அழுத்தம். நீங்கள் வைத்திருப்பது மூன்று பார் பம்ப். கார்புரேட்டரின் ஊசி வால்வைத் தள்ளித் திறந்து, பெட்ரோல் வழிந்து இன்ஜின் மேல் ஓடும். கார்புரேட்டருக்கென்றே விற்கிற குறைந்த அழுத்தப் பம்ப் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அம்பாசடரில் இசியூ கிடையாது என்பதால் இன்ஜின் நின்றால் பம்பை நிறுத்தவும் ஆளில்லை. ரிலேயின் காயில் லைனில் ஒரு ஆயில் பிரஷர் சுவிட்சைச் சேருங்கள். இன்ஜின் நின்றால் ஆயில் அழுத்தம் இறங்கும், பம்பும் நிற்கும். ஸ்டார்ட் செய்யும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்ஃப் லைனிலிருந்து கரண்ட் வர வேண்டும். செல்ஃபுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு டயோடு வைக்க மறந்தால், இன்ஜின் ஓடும்போது செல்ஃப் மோட்டாருக்குத் திருப்பிக் கரண்ட் போகும். இதைப் படித்ததும் தலை சுற்றினால் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-லேயே அம்பாசடரை நிறுத்திவிட்டது. மிச்சமிருப்பதைக் கொளுத்தி விடாதீர்கள்.

கே: கேஸ் கிட் போட்ட ஆம்னி. பெட்ரோல் ஊத்தறதே இல்ல, ஆனா பெட்ரோல் பம்ப் வருசத்துக்கு ஒண்ணு சாகுது. ஓடாத மோட்டார் எப்படிங்க சாகும்?
– திருப்பூர்

ப: ஓடாது என்று உங்களிடம் யார் சொன்னது? எல்பிஜியில் போகும்போதும் பல கிட்டுகளில் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். காலி டேங்கில், குடிக்க ஒன்றும் இல்லாமல். உங்களுக்காகவே படைக்கப்பட்டதுதான் அந்த 87ஏ. கேஸ் ஓடும்போது ரிலே இழுபட்டு, 87ஏ வழியாகப் போகும் பம்ப் லைன் அறுபடும்படி கொடுத்தால் பம்ப் தூங்கும். அதுவரை டேங்கில் பத்து லிட்டராவது கிடக்கட்டும்.

கே: ஈ20 பெட்ரோல் ஊத்துனா பம்ப் அழுகிப் போயிருமுன்னு வாட்ஸ்அப்புல வருதே?
– ஈரோடு

ப: வாட்ஸ்அப்பில் வருவதில் பாதியை நம்புங்கள் என்று சொல்வார்கள். எந்தப் பாதி என்பதுதான் கஷ்டம். 2023 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளின் பாகங்கள் ஈ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், சீல் போன்றவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. ஊதியிருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது, மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு அதுதான் பெரிய எதிரி. பெட்ரோலைவிடக் கரண்டையும் கொஞ்சம் கடத்தும், அதனால் டேங்குக்குள்ளே இருக்கும் ஒயர் முனைகளில் அரிப்பு வர வாய்ப்பு கூடுதல். மைலேஜ் குறைகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. குறையத்தான் செய்யும்.

கே: ஜாயிண்ட்டை ஈயம் வெச்சு ஒட்டறதா, லக் வெச்சு நசுக்கறதா?
– பெருந்துறை

ப: நசுக்குங்கள். அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியில், கடைவாய்ப் பல்லில் அல்ல. ஈயம் ஒயருக்குள் ஊறி அந்த இடத்தைக் குச்சியாக்கிவிடும், வண்டி அதிர அதிர ஈயம் முடியும் இடத்தில் ஒடியும். மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய். முறுக்கி டேப் சுற்றுவது சித்திரை வெயில் வரைக்கும்தான், அதற்கப்புறம் டேப் பசை தனியாக, டேப் தனியாக.

கே: எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கெழமை பூரா காருக்கடியில கெடக்கறார். பெட்ரோலை வடிச்சு, குடிதண்ணி கேன்ல ரொப்பி, மாடிப்படிக்கடியில வெச்சிருக்கறார். கேட்டா "நீ போய்ச் சோறாக்கு"ங்கறார். என்னங்க பண்றது?
– அன்னூர்

ப: அம்மிணி, அன்றைக்குச் சோறு ஆக்காதீர்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பெட்ரோல் வீட்டுக்குள் இருக்கும்வரை அடுப்பைப் பற்ற வைக்காமல் இருப்பதே நல்லது. பார்சல் சாப்பாட்டுச் செலவை அவர் கணக்கில் எழுதுங்கள்.

1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டத்தையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். லைசென்ஸ் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம். இறுக மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோக கேன் என்றால் 25 லிட்டர் வரை. குடிதண்ணீர் பிளாஸ்டிக் கேனுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. பார்க்கத் தண்ணி கேன், வீட்டில் குழந்தைகள் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று வாங்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். தப்பித்தவறிப் பற்றினால் குடத்துத் தண்ணீரை ஊற்றக்கூடாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து, எரிந்துகொண்டே தெரு வரை போகும். அவர் வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டாரா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே பாருங்கள். ஒரு பத்து எண் ஸ்பேனர் போதும். அது உங்கள் முந்தானையில் முடிந்திருந்தால் இன்னும் உத்தமம்.

கே: செட்டிபாளையம் ட்ராக்குல ரேஸ் காருங்களைப் பாத்தேன். வெளியிலேயே ஒரு சுவிட்சு, பக்கத்துல நீல முக்கோணத்துல செவப்பு மின்னல் படம். எதுக்குங்க?
– கிணத்துக்கடவு

ப: கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போயிருக்கிறீர்கள். மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை நம்மூரிலேயே கட்டிய எஸ். கரிவரதனின் பெயரில் 2003-ல் வந்த ட்ராக். அந்தச் சுவிட்சைத் திருகினால் வண்டியின் மொத்தக் கரண்டும் போகும், பம்ப் உட்பட. கவிழ்ந்த காரில் டிரைவர் மயங்கிக் கிடந்தாலும் ஓடி வருகிற எவரும் நிறுத்தலாம். வேகத்துக்காகவே கட்டிய வண்டியில், பம்பை நிறுத்துவதற்கு இத்தனை மெனக்கெடுகிறார்கள். சிங்காநல்லூர்க்காரர் கவனிக்க.

கே: 2018 மாடல் ஹோண்டா. ஒயர், எர்த், ரிலே எல்லாம் அளந்துட்டேன், வோல்ட்டு கச்சிதம். ஆனா திடீர்னு நிக்குது. இப்பவாவது பம்புதானுங்களே?
– அவிநாசி

ப: இப்போது பம்ப்தான், அதையும் காசு கொடுத்து மாற்றாதீர்கள், பொறுங்கள். ஹோண்டா 2020 ஜூனில் 65,651 கார்களையும், 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும், 2024 அக்டோபரில் 90,468 கார்களையும் ஃப்யூல் பம்புக்காகவே திரும்ப அழைத்தது. பம்புக்குள் சுற்றும் பிளாஸ்டிக் இம்பெல்லரில் கோளாறு. அதனால் இன்ஜின் நின்றுபோகலாம், கிளம்பாமலும் போகலாம். மாருதியும் 2024 மார்ச்சில் பலேனோ 11,851, வேகன் ஆர் 4,190 என்று பம்ப் மோட்டாருக்காக அழைத்தது. அவை 2019-ல் செய்த வண்டிகள். கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று காட்டிவிடும். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அளந்து பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே வாசகர் நீங்கள், அதற்காகவே இந்த நீளமான பதில்.

கே: நம்ம பொலிரோ டீசல் வண்டி. இந்தப் பம்பு சமாச்சாரமெல்லாம் அதுக்கு உண்டா?
– தாராபுரம்

ப: பழைய டீசலில் டேங்குக்குள் மோட்டாரே கிடையாது. ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பைக் குத்திக் காற்றெடுத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள்.

கே: ரிலே, ஃபியூஸ், 2.5 ஒயர், எர்த், எல்லாம் நீங்க சொன்னபடி போட்டாச்சு. சரியாச் செஞ்சனான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?
– காங்கேயம்

ப: சாவி போடுங்கள். ரெண்டு செகண்டு சத்தம் வந்து நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்து, பம்ப் கப்ளரில் வோல்ட் பாருங்கள். பேட்டரிக்கும் அதற்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருக்க வேண்டும். கால் மணி நேரம் ஓடியபின் ரிலேயையும் ஃபியூஸ் பிடியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடென்றால் அந்த லக் சரியாக நசுங்கவில்லை.

கடைசிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கை மிதித்து, டாப் கியரில் போட்டு கிளச்சை மெல்ல விட்டு இன்ஜினை அடைக்க விடுங்கள். சாவியைத் தொடாதீர்கள். பின் சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். ஒன்றிரண்டு விநாடிக்குள் பம்ப் அடங்க வேண்டும். அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ டைரக்ட் ஆகியிருக்கிறது. பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, 86-க்கு எந்த ஒயரைக் கொடுத்தீர்கள் என்று முதலிலிருந்து பாருங்கள்.